போன மின்னோட்டம் திரும்ப வேண்டும்: டார்ச் விளக்கிலிருந்து எர்த் லீக்கேஜ் வரை

டார்ச் விளக்கு ஒன்றின் அடிமூடியைத் திருகிக் கழற்றினால், உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு மின்கலங்களும், மூடியில் ஒரு சுருள்வில்லும், உறையின் உட்புறமாக மேலிருந்து கீழ்வரை செல்லும் ஒரு மெல்லிய உலோகப் பட்டையும் தெரியும். மின்கலத்தின் மேல்முனை பல்பைத் தொடுவது ஏன் என்று எவரும் சொல்லிவிடுவர். அந்தப் பட்டை எதற்கு என்று கேட்டால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வார இறுதித் தமிழ் வகுப்புக்கு வரும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்கூடத் தயங்குகிறார்கள். கலத்திலிருந்து பல்புக்கு மின்சாரம் போய்விட்டால் போதும் என்றே அவர்கள் நினைக்கிறார்கள். சுருள்வில்லுக்கும் கலத்தின் அடிப்பகுதிக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து மூடியைத் திருகிப் பார்க்கட்டும். பல்பும் கலமும் முன்போலவே தொட்டுக்கொண்டிருக்கும். ஆயினும் விளக்கு எரியாது. திரும்பும் வழி அடைபட்டுவிட்டது.

புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவர முழுமையான பாதை இருந்தால் மட்டுமே மின்னோட்டம் தொடர்ந்து ஓடும். மின்சுற்றைப் பற்றி முதலில் கற்க வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பாடநூல்கள் பலவும் சூத்திரத்தில் தொடங்குவதால், கணக்கைப் பிழையின்றிப் போடும் மாணவர்கூட, மின்கம்பியில் அமர்ந்த பறவைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்று கேட்டால் விடை தெரியாமல் நிற்கிறார்.

செம்பு போன்ற உலோகங்களில் அணுவுக்கு ஏறத்தாழ ஒன்று என்ற கணக்கில் எலக்ட்ரான்கள் கட்டவிழ்ந்து அலைந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் கம்பிக்குள் எவரும் கொண்டுவந்து நிரப்புவதில்லை. கம்பி செய்யப்பட்ட நாளிலிருந்தே அவை அங்கேதான் இருக்கின்றன. மின்கலமோ ஜெனரேட்டரோ அவற்றைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவே. அந்தத் தள்ளலின் அளவை மின்னழுத்தம் என்கிறோம்; அதன் அலகு வோல்ட். கம்பியின் ஓர் இடத்தை ஒரு நொடியில் கடக்கும் மின்னூட்டத்தின் அளவு மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். ஓர் ஆம்பியர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள். பாதையிலுள்ள பொருள் அந்த ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு மின்தடை; அதன் அலகு ஓம். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்ற தொடர்பை ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827 இல் வெளியிட்டார்.

எலக்ட்ரான்கள் மிக வேகமாக ஓடுவதால்தான் சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு எரிகிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அவை மிக மெதுவாகவே நகர்கின்றன. 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியில் 10 ஆம்பியர் நேர்திசை மின்னோட்டம் செல்லும்போது, எலக்ட்ரான்கள் நொடிக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர்தான் முன்னேறும். ஒரு மீட்டரைக் கடக்க அவற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். மிதிவண்டியின் மிதிகட்டையை அழுத்திய கணத்திலேயே பின்சக்கரம் சுழலத் தொடங்குவதை நினைத்துப் பாருங்கள். சங்கிலியின் முன்கண்ணி பின்சக்கரத்துக்குப் போய்ச் சேரும்வரை சக்கரம் காத்திருப்பதில்லை. சங்கிலி ஒரே வளையம் என்பதால் எல்லாக் கண்ணிகளும் ஒருசேர நகர்கின்றன, ஒரு கண்ணி அறுந்தாலோ முழுவதும் பயனற்றுப் போகிறது. மின்சுற்றிலும் தள்ளல்தான் மிக விரைவாகப் பரவுகிறது. எலக்ட்ரான்கள் தத்தம் இடத்திலிருந்து சற்றே நகர்கின்றன.

தென்னாப்பிரிக்க வீடுகளுக்கு 230 வோல்ட் அழுத்தத்தில், நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட மாறுதிசை மின்சாரம் வழங்கப்படுகிறது. மின்கலத்தின் தள்ளல் எப்போதும் ஒரே திசையில் இருக்க, இங்கே அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக மாறுகிறது. ஆகவே வீட்டுக் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் எங்கும் பயணம் போவதில்லை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் நின்ற இடத்திலேயே அசைந்தாடுகின்றன. அந்த அசைவுக்கும் முழுமையான சுற்று வேண்டும். கெட்டிலின் கேபிளுக்குள் மூன்று கம்பிகள் உள்ளன: பழுப்பு நிறத்தது லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். சுவருக்குள் ஓடும் கம்பிகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். லைவும் நியூட்ரலும் சேர்ந்துதான் போக்கும் வரவுமான சுற்று. எர்த் கம்பியில் சாதாரண வேளையில் மின்னோட்டம் ஏதும் இருக்கலாகாது.

2,200 வாட் கெட்டில் ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 9.6 ஆம்பியர் எடுக்கும். அதன் வெப்பச் சுருளின் மின்தடை 24 ஓம். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 0.04 ஆம்பியர் போதும். 3 கிலோவாட் கீசருக்கு 13 ஆம்பியர் வேண்டும். அது இரண்டு மணி நேரம் முழுமையாக இயங்கினால் ப்ரீபெய்டு மீட்டரில் ஆறு யூனிட் குறைந்துவிடும். மின்கட்டணத்தைக் கண்டு கவலைப்படும் குடும்பங்கள் பல்புகளை அணைப்பதைவிடக் கீசரைக் கவனிப்பதே நல்லது என்பதை இந்த மூன்று எண்களே காட்டும்.

இத்தனை கருவிகளும் ஒன்றையொன்று பாதிக்காமல் இயங்கக் காரணம், அவை பக்க இணைப்பில் இருப்பதுதான். ஒவ்வொரு கருவியும் லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே தனக்கெனத் தனிச் சுற்றொன்றைப் பெறுகிறது. தீபாவளிக்கு வீட்டு முகப்பில் தொங்கவிடும் பழைய வகை விளக்குச் சரம் இதற்கு நேர்மாறானது. ஏறத்தாழ 12 வோல்ட்டுக்கு உரிய 20 சிறு பல்புகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் கோக்கப்பட்டிருக்கும். 230 வோல்ட்டை அவை பங்கிட்டுக்கொள்ளும். ஒரு பல்பின் இழை அறுந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பாதை அறுந்துபோகும். சரம் முழுவதும் இருண்டுவிடும்.

டர்பனுக்கு வரும் மின்சாரத்தின் பெரும்பகுதி ம்புமலங்கா மாகாணத்து நிலக்கரி மின்நிலையங்களில் பிறக்கிறது. அதே திறனை உயர்ந்த மின்னழுத்தத்தில் அனுப்பினால் குறைந்த மின்னோட்டம் போதும். மின்னோட்டம் பாதியானால் கம்பியில் வீணாகும் வெப்பம் கால்பங்காகக் குறையும். ஆகையால்தான் நெடுந்தூரத் தடங்கள் 400 கிலோவோல்ட் போன்ற அழுத்தத்தில் இயங்குகின்றன. ஊருக்குள் வந்தபின் மின்மாற்றிகள் அதைப் படிப்படியாகக் குறைக்கின்றன. மின்மாற்றியின் இரு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது. காந்தப்புலம் மட்டுமே ஆற்றலைக் கடத்துகிறது. எனவே நம் வீட்டின் சுற்று தெருவிலுள்ள மின்மாற்றியில் தொடங்கி அங்கேயே முடிகிறது. ம்புமலங்காவின் எலக்ட்ரான் ஒன்றுகூட நம் கெட்டிலுக்கு வருவதில்லை.

இனி, வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பல சுற்றுகளாகப் பிரித்தனுப்பும் பெட்டியான டிபி போர்டுக்கு வருவோம். அங்கே வரிசையாக நிற்கும் சர்க்யூட் பிரேக்கர்களில், விளக்குகளுக்கு உரியது 10 ஆம்பியராகவும் பிளக்குகளுக்கு உரியது 20 ஆம்பியராகவும் இருப்பது வழக்கம். ஒரே சுற்றில் கெட்டிலையும் ஹீட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒருசேர இயக்கினால் மின்னோட்டம் 20 ஆம்பியரைத் தாண்டும். கம்பி சூடேறித் தீப்பிடிக்குமுன் பிரேக்கர் சுற்றைத் துண்டிக்கும். லைவும் நியூட்ரலும் நேராகத் தொட்டுக்கொண்டால் பாதையில் தடை மிகமிகக் குறைவாக இருப்பதால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்; அப்போது கண்ணிமைப்பதற்குள் துண்டிக்கும். இவ்விரண்டு வேளைகளிலும் பிரேக்கர் காப்பது கம்பியைத்தான், மனிதரை அன்று.

ஏனென்று பார்ப்போம். தெரு மின்மாற்றியில் நியூட்ரல் முனை மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதனால் நாம் நிற்கும் தரையே திரும்பும் வழிகளில் ஒன்றாகிவிடுகிறது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று லைவ் கம்பியைத் தொடுபவரின் உடல் வழியாக, தரை வழியாக, மின்மாற்றிவரை சுற்று முழுமையடைகிறது. தெருக்கம்பியில் அமரும் மைனாவுக்கோ இரு கால்களும் ஒரே கம்பியில், ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. தரைக்குப் போகும் பாதை இல்லை. ஆகவே அதற்குத் தீங்கும் இல்லை. ஈரமான உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லிஆம்பியர், உடலுக்குள் பாயும். இதயத் துடிப்பைச் சீர்குலைத்து உயிரைப் பறிக்க அது போதும். 20 ஆம்பியர் பிரேக்கருக்கோ அது எண்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு சிறு விளக்கு எரிவதாகவே அது அதைக் கருதும்.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்கே டிபி போர்டில் எர்த் லீக்கேஜ் கருவி இருக்கிறது. அதனுள் காந்தத்தன்மையுள்ள உலோகத்தாலான ஒரு வளையம் உண்டு. லைவும் நியூட்ரலும் அந்த வளையத்தின் துளை வழியாகச் சேர்ந்தே செல்கின்றன. போகும் மின்னோட்டம் ஒரு திசையிலும் திரும்பும் மின்னோட்டம் எதிர்த் திசையிலும் காந்தப்புலத்தை உண்டாக்கும். இரண்டும் சமமாயின் ஒன்றையொன்று அழித்துவிடும். வளையம் சும்மா கிடக்கும். போனதில் ஒரு சிறு பங்கு நியூட்ரல் வழியே திரும்பாமல் ஒருவரின் உடல் வழியாகத் தரைக்குக் கசிந்தால், சமநிலை குலைந்து வளையத்தில் காந்தப்புலம் எஞ்சும். வளையத்தின்மேல் சுற்றியுள்ள தனிக் கம்பிச் சுருளில் அது மின்னழுத்தத்தைத் தூண்டும். அந்தத் தூண்டலே கருவியின் சுவிட்ச் விசையை விடுவித்துச் சுற்றைத் துண்டிக்கும். வேறுபாடு 30 மில்லிஆம்பியரை எட்டினால் பத்தில் மூன்று நொடிக்குள் இது நடந்து முடிய வேண்டும். எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதைப் பற்றி இக்கருவிக்கு அக்கறையே இல்லை; போனதெல்லாம் திரும்பியதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது.

இதன் வரலாற்றில் தென்னாப்பிரிக்காவுக்குப் பெரும் பங்கு உண்டு. தங்கச் சுரங்கங்களில் மின்னதிர்ச்சி விபத்துகளைத் தடுப்பதற்காக, இந்நாட்டில் பணியாற்றிய பொறியாளர் ஹென்றி ரூபின் 1955 இல் 250 மில்லிஆம்பியர் கசிவை உணரும் கருவி ஒன்றை உருவாக்கினார். அதற்குமுன் இருந்த இவ்வகைக் கருவிகள் 10 ஆம்பியர் அளவுக்குக் கசிந்தால்தான் விழித்துக்கொள்ளும். அடுத்த ஆண்டிலேயே 20 மில்லிஆம்பியருக்கும் குறைவான கசிவை உணரும் மாதிரியை அவர் செய்தார். வீட்டுப் பயன்பாட்டுக்கான அக்கருவிகள் ஸ்டில்ஃபொன்டைன் என்ற சுரங்க ஊரின் வீடுகளில் 1957, 1958 ஆம் ஆண்டுகளில் பொருத்தப்பட்டன. இன்று உலகெங்கும் வீடுகளில் கோடிக்கணக்கான உயிர்களுக்குக் காவலாக நிற்கும் இக்கருவிக்குச் சுரங்கத் தொழிலாளரின் துயரமும் ஒரு காரணம் என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என விரும்புகிறேன்.

கருவிகளின் உலோக உறையோடு எர்த் கம்பியை இணைப்பதன் பயனும் இங்கேதான் விளங்குகிறது. கெட்டிலின் வெப்பச் சுருள் வெடித்து உள்ளே நீர் புகுந்தால், லைவ் மின்னோட்டம் உறைக்குக் கசியும். எர்த் கம்பி இருந்தால் அது உடனே தரைக்குப் போய்விடும். யாரும் தொடுவதற்கு முன்பே எர்த் லீக்கேஜ் துண்டித்துவிடும். அக்கம்பி அறுந்திருந்தால் உறையைத் தொடும் முதல் கையே கசிவுக்குப் பாதையாகும். ஆதலால் கருவி மீண்டும் மீண்டும் டிரிப் ஆகும்போது எரிச்சலுற்று அதை நீக்கிவிட்டு நேர் இணைப்புக் கொடுப்பது பெரும் தவறு. எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, விசையை மேலே தள்ளி, ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிப் பார்த்தால் பழுதான கருவி எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, பழைய ஃப்ரிட்ஜ் ஆகியவற்றில் ஒன்றாகவே அது இருக்கும்.

இக்கருவிக்கும் எல்லை உண்டு. தரையைத் தொடாமல் மரப்பலகைமேல் நின்றுகொண்டு, ஒரு கையால் லைவையும் மறு கையால் நியூட்ரலையும் பிடிப்பவர், கருவியின் கண்ணுக்கு மற்றொரு பல்பு போலத்தான் தெரிவார்; போனது முழுவதும் திரும்பி வருவதால் அது துண்டிக்காது. மேலும், பல வீடுகளில் பிளக்குகள் மட்டுமே இக்கருவியின் காவலில் இருக்கின்றன. விளக்குகளும் அடுப்பும் கீசரும் அதற்கு வெளியே தனிப் பிரேக்கர்களில் இணைந்திருக்கும். உங்கள் வீட்டில் எப்படி என்பதை அறிவது எளிது. பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, கருவியின் மேலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். அது வளையத்தைச் சுற்றி வேறு வழியாகச் சிறு மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு, கசிவு ஏற்பட்டதைப் போன்ற நிலையை உண்டாக்கும். விசை உடனே கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மின்பணியாளரை அழைக்க வேண்டும். விழுந்தபின் வீட்டைச் சுற்றிவந்து, எந்த அறையில் எது அணைந்தது, எது இன்னும் இயங்குகிறது என்று ஒரு தாளில் குறித்து டிபி போர்டின் கதவில் ஒட்டிவையுங்கள்.