கெர்னல் லாகில் ஒரே ஒரு முகவரி

போன வாரம் பாளையங்கோட்டை வீட்டில் இருந்தபடியே ஒரு கோட் மாற்றத்தை ரிவ்யூ பண்ணினேன். டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி அனுப்பியது. எங்கள் ஏஆர்எம் சிப் போர்டில் ஓடும் லினக்ஸின் மையப் பகுதிதான் கெர்னல். தாக்குபவன் ஊகிக்க முடியாதபடி, மெமரியில் அது உட்காரும் முகவரி ஒவ்வொரு பூட்டுக்கும், அதாவது போர்டு இயங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும், மாற வேண்டும். மாறுகிறதா என்று பார்க்க, லாக் என்கிற இயக்கப் பதிவில் முகவரியை அச்சிடும் ஒரு வரி சேர்த்திருந்தான். அச்சிட வழக்கமான குறியீடான ‘பர்சன்ட் பி’ (%p) போட்டால் உண்மை முகவரி வராது. 2018 தொடக்கத்தில் வந்த 4.15 பதிப்பிலிருந்து லினக்ஸ் அதை ஹாஷ் செய்து, அதாவது ஒரு ரகசியச் சாவியால் வேறு எண்ணாக்கித்தான் அச்சிடும். அதனால் உண்மை முகவரியையே காட்டும் ‘பர்சன்ட் பிஎக்ஸ்’ (%px) என்று மாற்றியிருந்தான்.

“ஒரே ஒரு அட்ரஸ்தானக்கா, டெஸ்ட் முடிஞ்சதும் எடுத்திருதேன்.”

அந்த ஒன்றே போதும். கெர்னல் இடம் மாறும்போது மொத்தமாகத்தான் நகர்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸ் ஜங்ஷனில் கொஞ்சம் முன்னே பின்னே நிற்கலாம், பெட்டிகளின் வரிசை மாறாது. ஒரு பெட்டி நிற்கும் இடம் தெரிந்தால் மற்றதெல்லாம் எண்ணிச் சொல்லிவிடலாம். அதே கெர்னலின் கோப்பு (இமேஜ்) கையில் இருப்பவனுக்கு ஒரு ஃபங்ஷனின் முகவரி கிடைத்தால் மீதி எல்லாம் வெறும் கூட்டல் கழித்தல். லாக் என்ன, பூட்டி வைக்கிற பொருளா? பழுது என்று சொல்லும் வாடிக்கையாளர் அதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். தற்காலிகமாகச் சேர்த்த வரி வருடக்கணக்கில் கிடப்பதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, அப்போ எப்படிச் சோதிப்பது? ‘பர்சன்ட் பி’ எண் மாறுகிறதே என்று நம்பினால் ஏமாறுவோம். ஹாஷுக்கான ரகசியச் சாவி பூட்டுக்குப் பூட்டு புதிது, அதனால் கெர்னல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் அந்த எண் மாறும். ரூட் (நிர்வாகி) உரிமையோடு, கெர்னல் ஃபங்ஷன்களின் முகவரிகளைப் பட்டியலிடும் கால்சிம்ஸ் கோப்பைத் திறந்து, கெர்னல் தொடங்கும் முகவரியை இரண்டு பூட்டில் ஒப்பிடச் சொன்னேன்.

இரண்டும் ஒன்றாகவே இருந்தன. முகவரியை ரேண்டமாக்கும் ஆப்ஷன் கெர்னலின் கான்ஃபிகில் ஆன்தான். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கத் தேவையான தொடக்க எண்ணான ‘சீட்’டை, கெர்னலை ஏற்றி ஓடவிடும் பூட்லோடர் தரவே இல்லை. சீட் இல்லாததால் முடக்கப்பட்டது என்று கெர்னல் லாகிலேயே எழுதியிருந்தது, நாங்கள் யாரும் வாசிக்கவில்லை.

அப்புறம் தம்பி, வன்பொருள் விவரங்களைக் கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் ஒரு நிலையான சீட்டை எழுதி அனுப்பினான். அந்த எச்சரிக்கை வரி மறைந்துவிடும். ஆனால் எல்லா போர்டிலும் எல்லா பூட்டிலும் கெர்னல் ஒரே முகவரியில் நிற்கும். முன்னதை விட இது ஆபத்து. சிப்பிலுள்ள ரேண்டம் எண் வன்பொருளிலிருந்து பூட்லோடர் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுத்துத் தர வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அந்த மாற்றம் வரும்வரை நான் ஒப்புதல் போடப்போவதில்லை.