கைகலப்புக்கு முன்னால் நடப்பவை: கல்லூரி லீக் போட்டிகளை நடத்துவோருக்கு

பரிசுத்தொகை கிடையாது. தேர்வாளர் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. மாலை வரை லேபில் நின்றவர்கள் ஷூ மாட்டிக்கொண்டு வந்து ஆடும் ஆட்டம். இருந்தும் துறை லீக், விடுதி லீக் ஆட்டங்கள் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விடுகின்றன. "பசங்க கொஞ்சம் சூடாயிட்டாங்க" என்று சொல்லி அதை அத்தோடு விட்டுவிடுகிறோம். சூடு எங்கிருந்து ஏறியது என்று பின்னோக்கிப் போனால், லீக்கை நடத்துகிற நாம் செய்யத் தவறிய ஏதோ ஒன்றில்தான் பெரும்பாலும் போய் நிற்கும்.

பல்கலைக்கழக அணியின் பெஞ்சில் ஒரு பயிற்சியாளர் இருப்பார். வாய் நீளும் ஆட்டக்காரரை அவரே வெளியே எடுத்து உட்கார வைத்துவிடுவார். நடுவர் வரைக்கும் பிரச்சினை போகாது. லீக் அணியில் அந்த இடம் காலி. அதை நிரப்பக்கூடியவர் கேப்டன் மட்டும்தான். ஆனால் அணிகள் நன்றாக ஆடுபவரையே கேப்டனாகப் போடுகின்றன. அதிகம் அடிபடுவதும் அதிகம் கொதிப்பதும் அதே ஆள். எனவே அணிப் பெயர் பதியும் படிவத்திலேயே கேப்டனின் வேலை என்ன என்று எழுதிவிடுங்கள்: நடுவரிடம் பேச அவருக்கு மட்டுமே உரிமை, தன் ஆள் எல்லை மீறினால் மாற்றி உட்கார வைப்பது அவர் பொறுப்பு, கோட்டுக்கு வெளியே கத்துகிற நண்பர்களுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டுச் சில அணிகள் தாங்களாகவே பெயரை மாற்றி, நிதானமான ஒருவரைப் போடும். ரக்பியில் கேப்டன்தான் நடுவரிடம் பேசுவார் என்பது நெடுநாள் வழக்கம். கால்பந்து விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி அமைப்பும் 2024-இல் இதே முறைக்கு வழிகாட்டுதல் கொடுத்தது.

கேப்டன்கள் கூட்டத்தில் உறுதிமொழி வாசிக்க வைப்பதில் நேரம் போக்க வேண்டாம். அந்த நேரத்தை, டிவியில் பார்க்கும் ஆட்டத்திலிருந்து உங்கள் லீக் எங்கே மாறுபடுகிறது என்று சொல்லச் செலவிடுங்கள். சறுக்கிப் பந்தைப் பறிக்கலாமா, ஏழு பேர் ஆட்டத்தில் ஆஃப்சைடு உண்டா, கடிகாரம் எப்போது நிற்கும், சமநிலை ஆனால் என்ன. இவற்றோடு, நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு தவறாகப் புரிந்து வைத்திருக்கும் விதிகளையும் சொல்லுங்கள். கால்பந்தில் பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. வாலிபாலில் பந்தின் விளிம்பு கோட்டில் பட்டாலே உள்ளே. ஆடுபவர் தன் விதிதான் சரி என்று நம்பிக் கத்துகிறார். நடுவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார். ஒரு பக்கத் தாளால் தீர்கிற தகராறு அது.

அட்டவணையும் சண்டை மூட்டும். 40 நிமிட ஆட்டத்துக்கு 40 நிமிடமே ஒதுக்கினால் மூன்றாவது ஆட்டம் அரை மணி நேரம் தள்ளிப் போகும். அடுத்து ஆட வேண்டிய அணி கோட்டோரம் நின்று, பொழுது போகாமல் நடுவரைக் கிண்டல் செய்யத் தொடங்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடையில் 10 நிமிடமாவது விடுங்கள். இரண்டு அணிகளின் பெஞ்சும் மைதானத்தின் ஒரே பக்கம், ஆதரவாளர்கள் எதிர்ப்பக்கம். அவர்களுக்குக் கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி ஒரு கயிறோ சுண்ணாம்புக் கோடோ போதும்.

ஆள்மாறாட்டமும் பொருந்தாத ஜோடியும் இன்னும் இரண்டு காரணங்கள். ஐடி கார்டு சரிபார்ப்பை இரு அணிகளும் எதிரெதிரே நிற்கும்போதே செய்யுங்கள், இடைவேளையில் "இவர் யார்?" என்று கேள்வி எழும்போது ஏற்கெனவே இரண்டு கோல் விழுந்திருக்கும். புதிதாக ஆடுபவர்களையும் பள்ளிக் காலத்திலிருந்தே ஆடி வந்தவர்களையும் ஒரே பிரிவில் போட்டால், 8-0 என்று போகிற ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களில் பந்தை விட்டுவிட்டுக் காலைத்தான் உதைப்பார்கள். பதிவின்போதே இரண்டு பிரிவு வைத்து, எதில் ஆடுவது என்று அணிகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். இத்தனை கோல் வித்தியாசம் வந்தால் ஆட்டம் முடிந்தது என்று ஒரு விதியும் இருக்கட்டும்.

இனி நடுவர். லீக்கில் விசில் ஊதுபவரும் ஒரு மாணவர். நாளைக்கு அதே வகுப்பில் உட்கார வேண்டியவர். அதனால் முதல் சீண்டலைக் கண்டும் காணாமல் விடுகிறார். இரண்டாவதையும் விடுகிறார். ஐந்தாவதில் பொறுக்க முடியாமல் அட்டையை எடுக்கும்போது, "இவ்வளவு நேரம் சும்மா இருந்துட்டு இப்ப மட்டும் என்ன?" என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஆட்டம் எப்படிப் போகும் என்பதை முதல் பத்து நிமிடங்களில் நடுவர் என்ன செய்கிறார் என்பதே பெரும்பாலும் தீர்மானித்துவிடும்.

கேட்பது, காட்டுவது, திட்டுவது என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் புது நடுவருக்குச் சுலபமாகப் பிடிபடும். "சார், அது ஃபவுல் இல்லையா?" என்பது கேட்பது, ஒரு வரியில் பதில் சொல்லலாம். கையை விரித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நிற்பதும் பந்தைத் தரையில் அடிப்பதும் காட்டுவது. உடனே கேப்டனைக் கூப்பிட்டு எச்சரிக்க வேண்டும். நடுவரையோ எதிராளியையோ குறிவைத்து வருகிற சொல் திட்டுவது; அதற்கு எச்சரிக்கை கிடையாது, அட்டைதான். சாதி, மதம், ஊர், உடல், பாலினம் பற்றிய சொல்லாக இருந்தால் நேரடியாக வெளியேற்றம்.

உடல்மொழியையும் பழக்க வேண்டும். கத்துகிற ஆளை நோக்கி வேகமாக நடக்கக்கூடாது. இரண்டு கை தூரம் தள்ளி, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். விரலை நீட்டக்கூடாது. குரலைத் தாழ்த்தினால் எதிராளியும் கேட்பதற்காகத் தாழ்த்துவார். "பார்த்தேன். மோதல் இருந்தது, ஃபவுல் இல்லை. த்ரோ-இன் எடுங்க." அவ்வளவுதான், விளக்கம் நீண்டால் அது விவாதமாகிவிடும். உண்மையிலேயே தவறவிட்டிருந்தால், "என் கோணத்தில் தெரியல" என்று ஒருமுறை சொல்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. அதை ஈடுகட்ட அடுத்த நிமிடமே மறுபக்கத்துக்கு ஒரு விசில் ஊதுவதுதான் பெரிய தவறு. இப்போது இரண்டு அணிகளுக்கும் குறை.

மஞ்சள் அட்டைக்கும் சிவப்பு அட்டைக்கும் நடுவே இன்னொரு கருவி உண்டு: தற்காலிக வெளியேற்றம். அடித்தள நிலைக் கால்பந்துக்கு ஐஎஃப்ஏபி இதை அனுமதிக்கிறது; மொத்த ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் வெளியே. 40 நிமிட ஆட்டத்தில் அது 4 முதல் 6 நிமிடம். லீக்குக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. கொதிப்பவர் ஆறுவதற்கு நேரம் கிடைக்கிறது, ஓர் ஆள் குறைவாக ஆடுகிற வலி அணிக்கும் தெரிகிறது, அவர் திரும்பி வரவும் வழி இருக்கிறது. முழுதாக வெளியேற்றப்பட்டவர் மட்டும் பெஞ்சில் உட்காரக்கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரம் போக வேண்டும். போகும் வரை கடிகாரம் நிற்கும்.

நடத்தைக்கு மதிப்பெண் போடும் முறை நல்ல கருவிதான், ஆனால் பல லீக்குகளில் அது வெறும் சடங்காகிவிடுகிறது. வழக்கமான அளவுகோல் 0 முதல் 4 வரை, சராசரி 3.0 இல்லாத அணிக்கு நாக்-அவுட் சுற்றில் இடம் இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத நடுவர் எல்லோருக்கும் 3 போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அல்லது தோற்ற அணி கடைசியில் முகத்தைச் சுளித்தது மட்டும் நினைவில் நின்று, அதற்கு 2 விழுகிறது. இரண்டு நடுவர்களும் மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன் தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். 4-ஐத் தவிர எதற்கும் காரணம் எழுதாமல் மதிப்பெண் செல்லாது. "நடத்தை சரியில்லை" என்று எழுதுவது காரணம் ஆகாது. "23-ஆம் நிமிடம், 7-ஆம் எண், த்ரோ-இன் முடிவை எதிர்த்துப் பந்தை வெளியே உதைத்தார், கேப்டன் உடனே மாற்றினார். 3" என்பது காரணம். அதே குற்றத்தைக் கேப்டன் வேடிக்கை பார்த்திருந்தால் 2. இந்த ஒரு புள்ளி வித்தியாசம் தெரிந்துவிட்டால் கேப்டன்கள் தாமாகவே வேலை செய்வார்கள். தாள் அன்றைக்கே அணிக்குப் போய்ச் சேர வேண்டும்; லீக் முடிந்தபின் தெரியவரும் மதிப்பெண் யாரையும் திருத்தாது.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மூன்றே லீக் ஆட்டம் என்றால், 4, 3, 1 வாங்கிய அணியின் சராசரி 2.67, ஒரு மோசமான மாலையோடு கதை முடிந்தது. அதுவும் அந்த 1 முதல் ஆட்டத்திலேயே விழுந்திருந்தால், மற்ற இரண்டிலும் முழு 4 வாங்கினால்தான் 3.0 எட்டும். 'இனி எப்படியும் வெளியேதான்' என்று நினைக்கும் அணிதான் மிக ஆபத்தான அணி. கேப்டன் 48 மணி நேரத்துக்குள் வந்து பேசி, சம்பந்தப்பட்டவர் ஓர் ஆட்டம் வெளியே இருக்க ஒப்புக்கொண்டால் 1 என்பது 2 ஆகும் என்று ஒரு வாசல் திறந்து வையுங்கள். இறுதிப் போட்டியில் வேறொரு ஓட்டை இருக்கிறது. அதற்குப் பிறகு தகுதி பெற எதுவும் இல்லாததால் அங்கே மதிப்பெண்ணுக்குப் பல்லே கிடையாது. இறுதிப் போட்டி மதிப்பெண் அடுத்த பருவத்துக்கும் மற்ற விளையாட்டுகளுக்கும் தொடரும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

அல்டிமேட் எனப்படும் பறக்கும் தட்டு விளையாட்டில் ஆட்டக்காரர்களே ஃபவுல் சொல்லிக்கொள்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்கு ஐந்து தலைப்புகளில் தலா 0 முதல் 4 வரை போடுகிறார்கள். 2 என்றால் இயல்பான நல்ல நடத்தை. எதிரணியின் கருத்தைக் கேட்பது நல்ல யோசனைதான். ஆனால் நம் லீக்கில் அதைத் தகுதிக்கணக்கில் சேர்த்தால் பழிவாங்கும் மதிப்பெண் வரும். ஒரு தனிப் பரிசுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பரிசைக் கோப்பையோடு அதே மேடையில் கொடுங்கள்.

கைகலப்பே வந்துவிட்டால்: விசிலை நீளமாக ஊதி, நடுவர் பின்வாங்கி நின்று எண்களைக் குறிக்க வேண்டும், நடுவே புகக்கூடாது. பிரிப்பது கேப்டன்களின் வேலை. பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே வருபவருக்கு, "பிரிக்கத்தான் வந்தேன்" என்றாலும், ஓர் ஆட்டத் தடை. இரக்கமில்லாத விதிபோலத் தெரியும். இரண்டு பேர் சண்டை இருபது பேர் சண்டையாக மாறாமல் தடுப்பது இதுதான். அறிக்கை 24 மணி நேரத்துக்குள் வர வேண்டும். அதில் பார்த்ததும் கேட்டதும் மட்டும் இருக்கட்டும், சொல்லப்பட்ட வார்த்தைகள் அப்படியே.

அப்படிப்பட்ட ஆட்டத்தின் முடிவில் வரிசையாக நின்று கைகுலுக்க வைக்காதீர்கள். காதோடு சொல்லும் ஒரு வார்த்தைக்கு அந்த வரிசையைப்போல் வசதியான இடம் வேறில்லை. கேப்டன்கள் இருவர் மட்டும் நடுவர் முன் கைகொடுக்கட்டும். வென்ற அணி முதலில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பட்டும். ஐந்து நிமிடம் கழித்து, பொறுப்பாளர் ஒருவர் கூடவே வாசல் வரை நடக்க, மற்ற அணி கிளம்பட்டும்.