ரெய்டில் வரும் ‘ரிடன்டன்ட்’: ஈடுகட்டும் வட்டணி

பல வட்டுகளை (ஹார்டு டிஸ்க்) ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு என்பதை, அதன் ஆங்கில விரிவில் வரும் ‘ரிடன்டன்ட்’ என்ற சொல்லைத் ‘தேவையற்ற’ என்றாக்கி, ‘மலிவான வட்டுகளின் தேவையற்ற அணி’ என்று விரித்து எழுதும் லினக்ஸ் குறிப்பு ஒன்றை மறுபடியும் பார்த்தேன், இனிமேல் சும்மா இருக்க முடியவில்லை. என்னிடம் வேலை பழகும் தம்பி அதைப் படித்துவிட்டு, “தேவையில்லேன்னா எதுக்கு சார் ரெண்டு வட்டு வாங்குறோம்?” என்று கேட்டான். சரியான கேள்வி.

லினக்ஸில் ரெய்டு அமைக்கும் எம்டிஆடம் கட்டளையால் இரண்டு வட்டுகளைச் சேர்த்து, இரண்டிலும் ஒரே தரவை எழுதும் ரெய்டு 1 அமைத்து, அதில் ஒன்றை வேண்டுமென்றே ஃபெயில் என்று குறித்துக் காட்டினேன். ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில், ஓடுகிற வட்டுக்கு ஒரு ‘யூ’ என்ற கணக்கில் ‘யூயூ’ என்றிருந்தது ‘யூ_’ ஆனது, ஆனால் உள்ளிருந்த கோப்புகள் ஒன்றுவிடாமல் திறந்தன. தரவைத் தாங்கி நின்றதே தேவையற்றது என்று எழுதப்பட்ட அந்த வட்டுதான்.

ரிடன்டன்ட் லத்தீனிலிருந்து வந்தது, அலையைக் குறிக்கும் ‘உண்டா’ அதன் வேரில் இருக்கிறது, பொங்கி வழிவது என்று பொருள். வழிந்தது வேண்டாதது என்றாகி, இங்கிலாந்தில் ஆட்குறைப்புக்கும் அதுவே சொல்லானது. பொறியியலில் அப்படியில்லை: ஒன்று பழுதானாலும் வேலை நிற்காதிருக்க வைக்கும் கூடுதல். 1988இல் பெர்க்கிலியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் ரெய்டு பற்றி எழுதியபோது சொன்னது இதைத்தான். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறவர்கள் ஒரு தடவையாவது அந்தக் கட்டளையை ஓட்டிப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

சரி, ‘மிகை’ என்று போடலாமே என்கிறார்கள் சிலர். மிகைபடக் கூறலை நன்னூல் குற்றங்களில் சேர்க்கிறது, மிகைநடிப்பு என்றாலும் அளவு மீறியது என்றுதான் காதில் விழும். ‘உபரி’யும் ஆகாது, அது பழுதானதற்குப் பதிலாகப் போடச் சும்மா காத்திருக்கும் ஸ்பேர் வட்டுக்கு வேண்டும். லாரியின் பின்பக்கம் இரட்டை டயர் ஓடுகிறது, ஒன்று வெடித்தாலும் மற்றது தாங்கும். ஸ்டெப்னி அடியில் சும்மா தொங்கும். ஸ்டெப்னிதான் உபரி, ஓடுகிற இரட்டை டயருக்கு வேறு சொல் வேண்டாமா? இவற்றைவிட ஆபத்தானது ‘காப்பு வட்டு’. அதைக் கேட்டவர் காப்புப்பிரதி இருக்கிறது என்று நம்பிவிடுவார், அப்புறம் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் இரண்டு வட்டிலும் ஒரே நேரத்தில் போய்விடும்.

நம்மிடம் ‘ஈடு’ இருக்கிறது. இழப்பை ஈடுகட்டுவது என்று தினமும் பேசுகிறோம். 4 டெராபைட் வட்டுகள் நான்கைச் சேர்த்து ரெய்டு 5 அமைத்தால் புழங்க 12 டெராபைட் கிடைக்கும். ஒன்று போனால் மீதி மூன்றில் உள்ளதை வைத்துக் கணக்கிட்டுப் போனதை ஈடுகட்டிவிடும். ஈடு என்றால் அடமானம் இல்லையா என்று கேட்கலாம். அதற்காகத்தான் ‘ஈடுகட்டும் வட்டணி’ என்கிறேன், அதில் அந்தக் குழப்பம் வராது. வட்டு ஒன்று போனாலே மொத்தமும் போய்விடும் ரெய்டு 0ஐயும், அதில் ஈடு கிடையாது என்று இரண்டே சொல்லில் அந்தத் தம்பிக்கு விளக்க முடிந்தது.