டாங்கிளுக்குள் 16 கட்டங்கள்

ஓசூர் சிப்காட் பக்கம் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "புது கம்ப்யூட்டர் வாங்கினோம். சிஎன்சிக்கு (கம்ப்யூட்டர் இயக்கும் வெட்டு இயந்திரம்) புரோகிராம் போடும் சாஃப்ட்வேரின் ஃபோல்டரை அப்படியே அதில் காப்பி செய்தோம். டாங்கிளில் லைட் எரிகிறது, ஆனால் 'கீ இல்லை' என்றே வருகிறது. டாங்கிளையும் காப்பி எடுக்க முடியுமா?"

முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் அந்தச் சிறு பொருளின் அழகே இருக்கிறது.

டாங்கிள் என்பது சாஃப்ட்வேரோடு வரும் யூஎஸ்பி சாவி; அதைச் செருகினால்தான் சாஃப்ட்வேர் ஓடும். பார்வைக்கு அது பென் டிரைவ் மாதிரி. ஆனால் பென் டிரைவ் வைத்ததை எடுத்துக் கொடுக்கும். டாங்கிள் கணக்குப் போடும். உள்ளே இருக்கும் சிப்பில் 128 பிட் ரகசியச் சாவி ஒன்று பதிந்திருக்கிறது. அதைப் படித்துக் காட்டும் கட்டளையே சிப்பில் கிடையாது. சாஃப்ட்வேர் ஓர் எண்ணை அனுப்புகிறது. சிப் அதைச் சாவியோடு கலந்து விடையைத் திருப்பி அனுப்புகிறது. விடை சரியென்றால்தான் சாஃப்ட்வேர் ஓடும். ஒவ்வொரு தடவையும் எண் புதிது என்பதால், பழைய விடைகளைப் பதிவு செய்து வைத்தும் பயனில்லை.

இன்றைய டாங்கிள்கள் பலவற்றில் இந்தக் கலக்கும் வேலையைச் செய்வது ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை. பெல்ஜியத்தின் யோன் டாமென், வின்சென்ட் ரைமென் இருவரும் வடிவமைத்தது. 2001இல் அமெரிக்க அரசு தரமாக அறிவித்தது. சாஃப்ட்வேர் அனுப்பும் எண்ணின் 16 பைட்டுகளும் (பைட்டுக்கு 8 பிட், மொத்தம் 128 பிட்) 4க்கு 4 கட்டத்தில் உட்காருகின்றன. முதலில் ஒவ்வொரு பைட்டும் ஒரு நிரந்தர அட்டவணைப்படி வேறு பைட்டாகிறது. பிறகு முதல் வரிசை நிற்க, இரண்டாவது வரிசை ஒரு கட்டமும், மூன்றாவது இரண்டும், நான்காவது மூன்றும் இடப்பக்கம் நகர்கின்றன. ஓரத்தில் விழுவது மறு ஓரத்தில் ஏறிக்கொள்கிறது. அடுத்து ஒவ்வொரு நெடுவரிசையின் நான்கு பைட்டுகளும் தங்களுக்குள் கலக்கின்றன. கடைசியாகச் சாவியிலிருந்து எடுத்த 16 பைட்டுகள் மேலே சேர்கின்றன. இது ஒரு சுற்று. மொத்தம் 10 சுற்று; கடைசிச் சுற்றில் மட்டும் நெடுவரிசைக் கலப்பு இல்லை.

இப்போது ஒரே ஒரு பைட்டை மாற்றி, அந்த மாற்றத்தின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். முதல் சுற்றின் கலப்பில் அது ஒரு நெடுவரிசையின் நான்கு கட்டங்களையும் பிடித்துவிடும். இரண்டாம் சுற்றில் வரிசைகள் நகரும்போது அந்த நான்கும் ஆளுக்கொரு நெடுவரிசைக்குப் பிரிந்து போகின்றன. மறுபடி கலப்பு. அவ்வளவுதான், 16 கட்டங்களும் மாறிவிட்டன! இரண்டே சுற்றில். முடிவில், கேள்வியில் ஒரு பிட் மாறினால் விடையில் சராசரியாக 64 பிட்கள் மாறுகின்றன. சாவியை ஊகித்துப் பிடிக்கலாம் என்றால், முயல வேண்டிய சாவிகளின் எண்ணிக்கையே 39 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்.

டாங்கிள் இல்லாமலே ஓட வைக்கும் திருட்டு வழியான 'கிராக்' போடுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை. சாஃப்ட்வேருக்குள் விடை சரியா என்று பார்க்கும் இடத்தை மாற்றிவிடுகிறார்கள். அதை ஓட்ட ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த டிராயிங் இருக்கும் கம்ப்யூட்டரில் அதைச் செய்யவே கூடாது.

வாசகரின் பட்டறையில் குறைவது பெரும்பாலும் டிரைவர், அதாவது டாங்கிளோடு பேச விண்டோஸுக்கு உதவும் சிறு மென்பொருள். ஃபோல்டரைக் காப்பி செய்தால் அதோடு டிரைவர் சேர்ந்து வராது. டாங்கிளைக் கழற்றுங்கள், சாஃப்ட்வேர் நிறுவனம் தரும் புதிய டிரைவரை ஏற்றுங்கள், ரீஸ்டார்ட் செய்தபின் செருகுங்கள். பழைய 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. விண்டோஸ் 11இல் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதி பழைய டிரைவரைத் தடுக்கலாம். அதை அணைத்து வைப்பதைவிடப் புது டிரைவர் கேட்டு வாங்குவதே நல்லது.

வேலை நடுவில் கீ காணாமல் போனால் ஹப்பையும் முன்பக்க போர்ட்டையும் விட்டுவிட்டு, பின்பக்கம் மதர்போர்டு போர்ட்டிலேயே செருகுங்கள். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில், மின்சாரம் மிச்சம் பிடிக்க யூஎஸ்பியைத் தூங்க வைக்கும் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்துங்கள். தேதியையும் பாருங்கள். மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். காலக்கெடு உள்ள லைசென்ஸ் அதை ஏமாற்று வேலை என்று எண்ணிப் பூட்டிக்கொள்ளும்.

ஆயுத பூஜையன்று டாங்கிளின் வாயில் சந்தனம் வைக்காதீர்கள். உள்ளே நான்கு தகடுகள். கரண்ட் முதலில் சேரட்டும் என்று ஓரத்து இரண்டும் சற்று நீளம், தகவல் போகும் நடு இரண்டும் குட்டை. அந்த இரண்டில் சந்தனம் காய்ந்தால் லைட் எரியலாம், ஆனால் கீ கிடைக்காது. சந்தனப் பொட்டு மானிட்டர் ஓரத்தில் இருக்கட்டும்.

என் மனக்குறை இதுதான். முறையாக வாங்கியவர் சாஃப்ட்வேருக்கு பேக்கப் எடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருகிறது. டாங்கிளுக்கு பேக்கப் இல்லை. திருட்டுக் காப்பியைத் தடுக்கும் பாரம் காசு கொடுத்தவர் தலையில்தான் விழுகிறது. ஃப்ரீகேட் போன்ற கட்டற்ற மென்பொருளில் சிஎன்சி புரோகிராம் போடும் பகுதி ஏற்கெனவே உண்டு. அதை வளர்க்க நம் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு ஆராய்ச்சிப் பணம் தர வேண்டும்.

அதுவரை டாங்கிளின் மேல் அச்சிட்ட எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். தொலைந்தால் பல நிறுவனங்கள் புது லைசென்ஸ் விலையே கேட்கின்றன. ஆகவே பட்டறை இன்சூரன்ஸில் அதைத் தனியாக, சாஃப்ட்வேரின் முழு விலைக்குச் சேர்க்கச் சொல்லுங்கள்.