‘இது கார்ட்டூன்’ என்று கார்ட்டூனே சொல்லும்போது

2020ஆம் ஆண்டு மே மாதம் ஒளிபரப்பான ‘ரிக் அண்ட் மோர்ட்டி’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் ஓர் அத்தியாயத்தில், குடிகார விஞ்ஞானியான தாத்தா ரிக்கும் அவருடைய பேரன் மோர்ட்டியும் ஒரு ரயிலில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த வண்டியில் இருப்பவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்; எல்லாமே ரிக்கைப் பற்றிய கதைகள். கதைகளுக்கெல்லாம் தானே அதிபதி என்று சொல்லிக்கொள்ளும் ஒருவன் வண்டியை ஓட்டுகிறான். கடைசியில் பார்த்தால் அந்த ரயிலே மோர்ட்டி கடையில் வாங்கிவந்த பொம்மை. இத்தொடரின் மிகப் புத்திசாலித்தனமான அத்தியாயம் இதுதான் என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள்; இருபது நிமிடத்தை வீணடித்து ஏமாற்றிவிட்டார்கள் என்று இன்னொரு சாரார் கோபப்பட்டார்கள். குன்னூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்தப் பிளவு ஒரே சோபாவில் நிகழ்ந்தது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்க, தம்பி, “இதுக்காண்ணா இத்தனை வருஷமா உட்கார்ந்து பார்த்தோம்?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

ஒரே காட்சி இரண்டு மனங்களில் இவ்வளவு எதிரெதிரான விளைவை ஏற்படுத்துவது எப்படி? ரசனை வேறுபாடு என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியும். ஆனால் கதை கேட்கும்போது மனம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பற்றிக் கடந்த சில பத்தாண்டுகளில் உளவியலாளர்கள் கண்டறிந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சிரிப்புக்கும் கோபத்துக்கும் தனித்தனிக் காரணங்கள் இருப்பது தெரியும்.

முதலில், கார்ட்டூன் பார்ப்பது என்பதே இரட்டை வேலை. 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சிறு அசைபடத்தைத் தயாரித்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு சிறு வட்டம், கதவு வைத்த ஒரு கட்டம்: படத்தில் இருந்தவை இவ்வளவே. பார்த்ததை விவரியுங்கள் என்றபோது, ஏறக்குறைய எல்லோருமே பெரிய முக்கோணம் முரடன் என்றும், வட்டம் பயந்து ஒளிகிறது என்றும், சின்ன முக்கோணம் அதைக் காப்பாற்ற வருகிறது என்றும் கதை சொன்னார்கள். கண்முன் நகர்வது வெறும் கோடுதான் என்று அறிவு சொல்லிக்கொண்டே இருக்க, அந்தக் கோட்டுக்கு அச்சமும் ஆசையும் உண்டு என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே ‘நாங்கள் வெறும் ஓவியம்’ என்று ஒரு கதாபாத்திரம் நம்மைப் பார்த்துச் சொல்லும்போது, நமக்குத் தெரியாத எதையும் அது சொல்லிவிடவில்லை. தெரிந்தும் ஓரமாக ஒதுக்கிவைத்திருந்த ஒன்றை எடுத்து நடுக்கூடத்தில் வைக்கிறது, அவ்வளவுதான்.

அப்படி எடுத்து வைத்ததும் கதையின் மீதான ஈடுபாடு அறுந்துபோக வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அப்படி நடப்பதில்லை. 2000ஆம் ஆண்டில் மெலனி கிரீனும் டிமோதி பிராக்கும் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதையைச் சிலரிடம் உண்மைச் சம்பவம் என்றும் வேறு சிலரிடம் கற்பனை என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். கற்பனை என்று சொல்லப்பட்டவர்களும் மற்றவர்களைப் போலவே கதைக்குள் ஆழ்ந்துபோனார்கள். கதையில் பொய்யாகத் தோன்றும் இடங்களை வட்டமிடச் சொன்னபோது, அதிகம் ஆழ்ந்தவர்கள் குறைவாகவே வட்டமிட்டார்கள். ஆக, பொய் என்ற அறிவிப்பு மட்டுமே யாரையும் கதையிலிருந்து வெளியே தள்ளுவதில்லை. நீலகிரி மலை ரயிலில் கல்லாறுக்கு மேலே, பல்சக்கரப் பாதையில், நீராவி எஞ்சின் பின்னாலிருந்துதான் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். வளைவுகளில் ஜன்னலோரம் இருப்பவர்கள் எட்டிப் பார்த்தால், தம்மைத் தள்ளிவரும் எஞ்சினே புகையோடு கண்ணில் படும். அதைப் பார்த்ததற்காகப் பயணம் நின்றுவிடுவதில்லை. பலருக்கு அந்த வளைவுதான் பயணத்திலேயே பிடித்த இடம்.

இதைவிடச் சுவையான சோதனை ஒன்று நெதர்லாந்தில் நடந்தது. அதற்கு முன் ஒரு சிறு விளக்கம் தேவை. வாக்கியத்தில் பொருந்தாத சொல் ஒன்று வந்தால், அது வந்து ஏறக்குறைய 400 மில்லி விநாடியில் மூளையின் மின் அலைப் பதிவில் ஓர் இறக்கம் தென்படும் என்பதை 1980இல் மார்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் காட்டியிருந்தார்கள். நேரத்தை ஒட்டி ‘என்-400’ என்று அதற்குப் பெயர். 2006இல் மான்டே நியூலண்டும் யோஸ் வான் பெர்கமும் ஒரு வேர்க்கடலையைக் கதாநாயகனாக்கினார்கள். அது சிரிக்கிறது, ஆடுகிறது, புதிதாகச் சந்தித்த ஒரு பெண்ணை நினைத்துப் பாடுகிறது. இப்படி ஒரு சில வாக்கியங்கள் போன பிறகு, ‘வேர்க்கடலை காதலில் விழுந்திருந்தது’ என்ற வாக்கியத்துக்கு மூளை முகம் சுளிக்கவில்லை. ‘வேர்க்கடலை உப்புப் போட்டு வறுக்கப்பட்டிருந்தது’ என்ற வாக்கியத்துக்குத்தான் அந்த இறக்கம் கூடுதலாக வந்தது. சாலையோரத்தில் பொட்டலம் கட்டி விற்கும் கடலைதான். ஆனாலும் சில வரிகளுக்குள் கதையின் சட்டம் உலகத்தின் சட்டத்தை மிஞ்சிவிட்டது.

தன்னைத்தானே சுட்டிக்காட்டும் தொடர்களுக்கு இந்தக் கடலை ஒரு வரமும் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. கதாபாத்திரம் திரையைப் பார்த்துப் பேசுவது, வசனகர்த்தாவைத் திட்டுவது, ‘போன சீசனிலேயே இதைச் செய்துவிட்டோமே’ என்று சலித்துக்கொள்வது ஆகியவற்றை மனம் வெகு விரைவில் அந்த உலகின் சட்டமாகவே ஏற்றுக்கொள்ளும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். சட்டமாகிவிட்ட பிறகு அதில் மீறல் எங்கே இருக்கிறது? மீறல் இல்லாத இடத்தில் சிரிப்பும் குறையத்தான் செய்யும். முதல் சீசனில் கைதட்டல் வாங்கிய கண்சிமிட்டல் ஐந்தாவது சீசனில் கொட்டாவியாக மாறுவதற்கு எழுத்தாளர்களின் சோம்பல் மட்டும் காரணமல்ல.

இன்னொரு திறமையும் இங்கே வேலை செய்கிறது. டீனா ஸ்கோல்னிக், பால் புளூம் ஆகியோர் 2006இல் நான்கு வயதையொட்டிய குழந்தைகளிடம், கூட்டாளியான ராபின் நிஜம் என்று பேட்மேன் நினைப்பாரா, வேறொரு கார்ட்டூனில் வரும் ஸ்பாஞ்ச்பாப் நிஜம் என்று நினைப்பாரா என்றெல்லாம் கேட்டார்கள். பேட்மேனும் ராபினும் ஒருவருக்கொருவர் நிஜம். ஸ்பாஞ்ச்பாப்போ பேட்மேனுக்குக்கூடக் கற்பனைதான் என்று குழந்தைகளும் பெரியவர்களைப் போலவே பிரித்துச் சொன்னார்கள். அதாவது, நிஜம் ஒரு பெட்டி, கற்பனை ஒரு பெட்டி என்று நாம் இரண்டு மட்டும் வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு கதைக்கும் தனித்தனி உலகமும், அவற்றுக்கு நடுவே சுவர்களும் வைத்திருக்கிறோம். சுட்டி டிவியில் தமிழ் பேசிய டோரா, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கண் கொட்டிக்கொண்டு காத்திருப்பாள். கோத்தகிரியில், அடுப்படிக் கதகதப்பை விட்டு வராமல் அங்கிருந்தே எட்டிப் பார்த்த ஒரு பாட்டி, “யாருகிட்டடா கேக்குறா அவ?” என்று கேட்க, பேரன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நம்மகிட்டதான் பாட்டி, சொல்லுங்க” என்றான். சுவரில் ஓட்டை விழுந்தது அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

ஆனால் அடுக்குகள் கூடக் கூடச் சுமையும் ஏறுகிறது. ‘அவன் இப்படி நினைக்கிறான் என்று இவள் நம்புவதாக மற்றொருவன் எண்ணுகிறான்’ என்பது போன்ற பின்னல்களை மக்கள் எவ்வளவு தூரம் தொடர முடியும் என்று கின்டர்மன், டன்பார், பென்டால் ஆகியோர் 1998இல் சோதித்தபோது, நான்கு அடுக்கு வரை பெரும்பாலோர் சமாளித்தார்கள். ஐந்தாவதில் தவறுகள் சட்டென்று கூடின. மேலே சொன்ன ரயில் அத்தியாயத்தில், கதைக்குள் கதை சொல்பவனை ரிக் ஏமாற்றுவதாகக் காட்டி அதன் மூலம் தம்மை எழுத்தாளர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று பார்வையாளர் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சிலருக்கு இந்த ஏணியில் ஏறுவதே விளையாட்டு. வேலைமுடிந்து களைத்து வந்து, கால் நீட்டிப் பார்க்க உட்கார்ந்தவருக்கு அது இன்னொரு வேலை.

சிரிப்புக்கும் கோபத்துக்குமான பிரிவு இதற்கும் கீழே இருக்கிறது என்பது என் கருத்து. பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்பவர்கள் 2010இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஏதோ ஓர் ஒழுங்கு மீறப்பட வேண்டும். அந்த மீறலால் கேடில்லை என்றும் அதே கணத்தில் தோன்ற வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சிரிப்பு வரும். மீறப்பட்ட ஒழுங்கின் மீது ஒருவருக்குப் பற்று குறைவாக இருந்தால் கேடில்லை என்று தோன்றுவது எளிது. ரயில் அத்தியாயத்தின் நடுவே, ரசிகர்கள் 2017 முதல் காத்திருந்த, வேறோர் உலகத்து மோர்ட்டியான வில்லன் ‘தீய மோர்ட்டி’யோடு நடக்கப்போகும் இறுதிப் போர் ஓரிரு நிமிடம் பிரம்மாண்டமாகக் காட்டப்பட்டு, எல்லாம் கதையதிபதியின் எந்திரம் கறந்தெடுக்கும் கற்பனை என்று கலைக்கப்படுகிறது. அத்தொடரை நகைச்சுவைத் துணுக்குகளின் தோரணமாகப் பார்த்துவந்தவருக்கு இதில் இழப்பு ஒன்றுமில்லை. மீறல் இருக்கிறது, கேடில்லை, சிரிக்கிறார். அதையே ஒரு நெடுங்கதையாக நம்பி, துப்புகளைச் சேர்த்துவைத்து, அடுத்தது என்ன என்று கணக்குப் போட்டுவந்தவருக்கோ, கைமுதலே பறிபோகிறது. மீறல் மட்டும் மிஞ்சுகிறது.

நம் கூத்து மரபை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வடமாவட்டத் தெருக்கூத்தில் கட்டியக்காரன், திரைக்குப் பின்னிருந்து வரும் துரியோதனனை ‘யாரய்யா நீர், எந்த ஊர்?’ என்று விசாரிப்பான். வேடத்தைக் கிண்டல் செய்வான். நேற்றைய ஊர்ச் சண்டையை மகாபாரதத்துக்குள் இழுப்பான். ஆனால் திரௌபதி துகிலுரியப்படும் கட்டத்தில் அதே கூட்டம் கண்கலங்கி நிற்கும். கட்டியக்காரன் அரசனைக் கேலி செய்வானே தவிர, அவளுடைய துயரத்தைப் பொய் என்று சொல்லமாட்டான். எதை உடைக்கலாம், எதை உடைக்கக்கூடாது என்ற அந்தக் கணக்கு, பல தொலைக்காட்சி எழுத்தாளர்களுக்குக் கைவரவில்லை.

பார்வையாளரின் கோபத்தையே கதைப்பொருளாக்கியவர்களும் உண்டு. 1997இல் ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் ஓர் அத்தியாயத்தில், தொடருக்குள் வரும் கார்ட்டூனில் பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்ட ‘பூச்சி’ (Poochie) என்ற பெயரில் ஒரு புதிய நாயைச் சேர்க்கிறார்கள், நாய் எடுபடவில்லை. ‘இதைவிட மட்டமான அத்தியாயம் வந்ததேயில்லை’ என்று காமிக்ஸ் கடைக்காரர் தீர்ப்பளிக்கிறார். நெடுநாள் ஓடிய ஒரு தொடர், தன் ரசிகர்களின் முணுமுணுப்பைத் தானே முந்திக்கொண்டு நடித்துக் காட்டிய அத்தியாயம் இது. தம்மைக் கேலி செய்தார்கள் என்று சிலரும், தம்மைக் கவனித்திருக்கிறார்கள் என்று வேறு சிலரும் அதை எடுத்துக்கொள்ள முடிந்தது. கவனிக்கப்பட்டோம் என்ற உணர்வு சாதாரணமானதல்ல. திரையில் தோன்றுபவர் நம்மோடு நேருக்கு நேர் பழகுவது போன்ற ஒருதலை உறவை 1956இலேயே ஹார்ட்டனும் வோலும் விவரித்திருக்கிறார்கள். கதாபாத்திரம் நம் பக்கம் திரும்பிப் பேசும்போது அந்த உறவுதான் தூண்டப்படுகிறது.

இந்த உத்தி அசைபடக் கலையின் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. 1914இல் வின்சர் மெக்கே என்ற ஓவியர் மேடையில் சாட்டையோடு நின்று, திரையிலிருந்த ‘கெர்ட்டி’ என்ற டைனோசருக்குக் கட்டளையிடுவார். அவர் அதட்டினால் அது அழும். முடிவில் அவரே திரைக்குள் போய் அதன் மீது ஏறிக்கொள்வதாகக் காட்சி முடியும். ஆனால் இந்த வகையில் இன்றுவரை பெரிய எதிர்ப்பின்றி ரசிக்கப்படுவது, சக் ஜோன்ஸ் இயக்கி 1953இல் வெளிவந்த ‘டக் அமக்’ என்ற ஏழு நிமிடப் படம். வாள்வீரனாக வேடமிட்டுப் பாய்ந்து வரும் டாஃபி வாத்து, சில அடி நகர்ந்ததும் பின்னணி ஓவியம் தீர்ந்துபோய் வெறும் வெள்ளைத்தாளில் நிற்கிறது. ஓவியரிடம் முறையிடுகிறது. பண்ணை வருகிறது, அதற்கேற்ற உடையோடு வந்தால் பனிப்பிரதேசம் வந்துவிடுகிறது. குரல் பிடுங்கப்படுகிறது, உடலே அழிப்பானால் துடைக்கப்படுகிறது.

மனம் ஓடுகின்ற நிகழ்ச்சியைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ‘இங்கே இப்போது நடப்பது இது’ என்ற ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு அடுத்ததை ஊகிக்கிறது என்றும், ஊகம் தவறும் இடத்தில் அந்த மாதிரியைப் புதுப்பிக்கிறது என்றும் ஜெஃப்ரி சாக்ஸ் குழுவினர் விளக்கியிருக்கிறார்கள். ‘டக் அமக்’ ஒவ்வொரு முறையும் அந்த மாதிரியைக் கலைக்கிறது. ஆனால் கலைத்தவுடன் வாத்தின் முகத்தை ஒரு கணம் அசையாமல் காட்டுகிறது. அந்த இடைவெளியில்தான் பார்ப்பவர் நடந்ததைப் பிடித்துக்கொள்கிறார். இடம், உடை, ஒலி, உடல் எல்லாம் மாறினாலும், ‘என்னை ஏன் இப்படிப் படுத்துகிறாய்?’ என்ற வாத்தின் ஆத்திரம் மட்டும் அறுபடாமல் ஓடிக்கொண்டிருப்பதால், மாதிரியைப் புதிதாகக் கட்ட அதுவே அடித்தளமாகிறது. இறுதியில் கேமரா பின்வாங்கி, வரைந்துகொண்டிருப்பது பக்ஸ் பன்னி என்ற முயல்தான் என்று காட்டும்போது, இன்னொரு சுவர் இடிகிறது. ஆயினும் அதுவரை வாத்து பட்ட பாடு பொய்யாகிவிடவில்லை. படுத்தியவர் யார் என்பதுதான் தெரியவருகிறது.