பட்டியலின் கடைசிப் பெயர்

ஹெர்னியாவுக்காக என்னிடம் வந்தவர், உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்: "டாக்டர், எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. அப்புறமா தெரிஞ்சு திருப்பி அனுப்பாதீங்க, இப்பவே சொல்லிடறேன்." ஏற்கெனவே இரண்டு டாக்டர்கள் அப்படித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒருவர் பெல்ட் போட்டுக்கொண்டு சமாளிக்கச் சொன்னாராம். இன்னொருவர் தேதியே கொடுத்திருக்கிறார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் "அதற்கான வசதி இங்கே இல்லை" என்று கைவிரித்துவிட்டார்.

என்ன வசதி? தனி தியேட்டர் தேவையில்லை, தனிக் கருவிகளும் தேவையில்லை. கருவிகளை நீராவியில் கிருமி நீக்க எல்லோருக்கும் செய்கிற ஆட்டோகிளேவ், எல்லோருக்கும் துடைக்கிற அதே துடைப்பு. இது எச்.ஐ.வி.க்கு வேண்டிய அளவைவிட அதிகம்.

அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பயிற்சிக் காலத்தில் 'பாசிட்டிவ்' கேஸை லிஸ்டின் கடைசியில் எழுதியவன்தான் நானும். முடிந்ததும் தியேட்டரை நன்றாகக் கழுவலாம் என்பது காரணம். (அப்படியானால் மற்ற நோயாளிகளுக்கு நாங்கள் எப்படிக் கழுவினோம் என்று யாரும் கேட்கவில்லை.) அந்த மனிதர் முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மாலை நாலு மணிவரை காத்திருப்பார். நாங்களோ களைத்துப்போய், எப்போது முடியும் என்ற அவசரத்தில் கத்தியை எடுப்போம். ஊசி கையில் குத்துவதற்கு அதைவிடத் தோதான நேரம் வேறு கிடையாது.

எனக்குக் குத்தியது ஒரு பின்னிரவில். குடலில் ஓட்டை விழுந்து வந்த அவசர கேஸ். வயிற்றை மூடிக்கொண்டிருந்தேன். சதையுறையைத் தைக்கும்போது ஊசி நழுவி இடது ஆள்காட்டி விரலில் ஏறியது. கையுறைக்குள் சிவப்பு பரவுவது தெரிந்தது. மயக்க மருத்துவர் கோப்பைப் புரட்டி, "நெகட்டிவ்தான்" என்றார். சரி என்று கையுறையை மட்டும் மாற்றிக்கொண்டு தையலைத் தொடர்ந்தேன். விரலைக் கழுவவில்லை, பதிவேட்டில் எழுதவும் இல்லை. கோப்பின் மேல் 'பாசிட்டிவ்' என்று காட்டும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அன்று தியேட்டரே நின்றிருக்கும்.

தொற்று ஏறிய முதல் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் கொதித்துக்கொண்டிருக்கும்; பரிசோதனையோ 'நெகட்டிவ்' என்றே காட்டலாம். என்னிடம் வந்த ஹெர்னியாக்காரர் பல வருடங்களாகத் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர், வைரஸ் எண்ணிக்கை கண்டறிய முடியாத அளவுக்குக் கீழே. இந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பது நிறுவப்பட்டுவிட்டது. ஊசிக்குத்துக்கு அப்படி அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. நாம் பயந்து ஓடுவது இவரைப் பார்த்து.

சிகிச்சையில் இல்லாதவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூட எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். முந்நூறு குத்துக்கு ஒன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். எச்.ஐ.வி. என்றதும் முகம் மாறுகிற சக மருத்துவர்களிடம், "ஹெபடைடிஸ் பி மூன்று தவணையும் போட்டாச்சா?" என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் விட்டத்தைப் பார்ப்பார்கள்.

குத்தினால் செய்ய வேண்டியது அதிகமில்லை. சோப்பு, ஓடும் தண்ணீர். பிதுக்கக் கூடாது, பிளீச்சில் முக்கக் கூடாது. உடனே தெரிவித்து, தேவையென்றால் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும்: முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் விடாமல். குத்தாமல் இருக்க எல்லா கேஸுக்கும் இரட்டைக் கையுறை போடலாம். ஊசியைக் கைக்குக் கை கொடுக்காமல் கிட்னி டிரேயில் வைத்து எடுக்கலாம். சதையுறைக்கு முனை மழுங்கிய ஊசி போதும்.

பயத்தைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. "அறுவைக்கு முன் அந்த மாத்திரைகளை நிறுத்திவிடுங்கள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். தகுந்த காரணமின்றி நிறுத்தக் கூடாது. எந்த மாத்திரை என்று கேட்பதும் முக்கியம். ரிடோனாவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, மயக்கத்துக்குத் தரும் மிடசோலம், ஃபென்டனில் கொடுத்தால் மயக்கம் எதிர்பார்த்ததைவிட நீளும். ஸ்டிக்கரைப் பார்த்து மூன்றாவது கையுறை தேடுகிற நேரத்தில் மருந்துச் சீட்டைப் படித்தால் புண்ணியம். வைரஸ் கட்டுக்குள் இருந்து, சிடி4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கையும் நன்றாக இருந்தால், மற்றவர்களைப் போலத்தான் காயம் ஆறும்.

ஹெர்னியாக்காரரின் பெயரை லிஸ்டில் இரண்டாவதாக எழுதினேன். அன்று காலை ஸ்க்ரப் செய்துகொண்டிருந்தபோது நர்ஸ் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்: "சார், அடுத்த கேஸ் பாசிட்டிவ். இரண்டு க்ளவுஸ் எடுத்து வைக்கட்டுமா?"

"இப்போ இந்தக் கேஸுக்கு எத்தனை எடுத்து வெச்சிருக்கீங்க சிஸ்டர்?" என்றேன்.

அவர் டிராலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொரு ஜோடி எடுக்கப் போனார்.