மலையேறும் பைக்குக்கு எந்த ஒயில்?

தை மாதத்து விடியற்காலை. நுவரெலியாப் பக்கம் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நாட்கள். அந்தக் குளிரில் தினமும் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) டவுனுக்கு மூன்று கிலோமீற்றர் போய்த் திரும்புகிற ஒரு பைக்கின் ஒயில் மூடியைத் திருகிப் பாருங்கள். உட்புறத்தில் வெளிர் மஞ்சளாக, பாலாடை மாதிரி ஒரு பசை ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் எண்ணெயின் வழவழப்பே இருக்காது. "அண்ணே, செமி சிந்தெடிக் போடவா, சாதா ஒயிலே போதுமா?" என்று கராஜில் கேட்கிற தம்பிமாருக்கு, பாதிப் பதில் அந்த மூடிக்குள்தான் இருக்கிறது.

முதலில் ஒயில் அங்கே என்ன செய்கிறது என்று பார்ப்போம். காரில் என்ஜினுக்கு ஓர் ஒயில், கியர்பெட்டிக்கு வேறு ஒயில். கியர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் அப்படி இல்லை. ஏறக்குறைய ஒரு லீற்றர் ஒயில்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே படலமாக நிற்கிறது, கியர்ப் பற்களுக்கு இடையில் நசுங்குகிறது, கிளட்ச் பிளேட்டுகளையும் நனைக்கிறது. காற்றால் குளிரும் என்ஜினில் சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுவருவதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எரிபுகைக் கரியைத் தன்னுள்ளே மிதக்க வைத்துக்கொள்வதும் அதன் வேலை. அதனால் ஒயில் கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் அது கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கிளட்ச் ஒயிலில் நனைகிறது என்பதுதான் முக்கியம். கார் ஒயில்கள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். பைக்கில் ஊற்றினால் அது கிளட்ச் பிளேட்டையும் வழுக்க வைத்துவிடும். ஏற்றத்தில் திரொட்டிலைத் திருகினால் சத்தம் மட்டும் ஏறும், வண்டி நகராது. இதைத் தடுக்கத்தான் ஜப்பானில் 1998இல் பைக் ஒயிலுக்கென்று ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) தரம் வந்தது. போத்தலின் பின்பக்கத்தில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் நனைந்த கிளட்சுக்கு ஏற்றது. எம்பி என்றிருந்தால் உராய்வு குறைவு. பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டர்களுக்குச் சரி. செமி போட்டால் கிளட்ச் வழுக்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. வழுக்க வைப்பது அந்த மருந்து, சிந்தெடிக் எண்ணெய் அல்ல.

சரி, சாதாவுக்கும் செமிக்கும் என்ன வித்தியாசம்? தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கிற இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உலர்ந்து வரும் தேயிலை ஒரே அளவில் இருக்காது. சல்லடைகள்தான் அதை பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று தரம் பிரிக்கின்றன. சாதா ஒயில், அதாவது மசகு எண்ணெயிலிருந்து (கச்சா எண்ணெயிலிருந்து) எடுக்கும் மினரல் ஒயில், அரைகுறையாகச் சலித்த தேயிலை மாதிரி. அதில் சிறிய மூலக்கூறும் பெரிய மூலக்கூறும் மெழுகுத்தன்மை கொண்டவையும் கலந்தே இருக்கும். சூட்டில் சிறியவை முதலில் ஆவியாகிப் போகும். குளிரில் மெழுகு தடித்துக்கொள்ளும். ஒட்சிசனோடு சீக்கிரம் சேர்கிறவை பிசினாகும். சிந்தெடிக் ஒயிலில் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி. அவற்றைச் சிறிய துண்டுகளிலிருந்து கட்டுவதும் உண்டு, மினரல் எண்ணெயையே கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனோடு உடைத்துத் திருத்துவதும் உண்டு. இரண்டுமே சிந்தெடிக் என்ற பெயரில்தான் கடைக்கு வருகின்றன. செமி என்பது மினரலும் சிந்தெடிக்கும் சேர்ந்த கலவை. ஆனால் எத்தனை வீதம் கலந்தால் செமி என்று எழுதலாம் என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. ஆகவே அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

எண்கள் அதைவிட நேர்மையானவை. 20டபிள்யூ-50 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. 20 குளிரில் நடத்தை, 50 என்பது 100 பாகை செல்சியஸ் சூட்டில் தடிப்பு. 20டபிள்யூ ஒயிலின் குளிர்ச் சோதனை பூச்சியத்துக்குக் கீழே 15, 20 பாகையில் நடக்கிறது. நுவரெலியா அவ்வளவு குளிரைக் காண்பதில்லை. அதனால் இங்கே 20டபிள்யூ போட்டாலும் பைக் ஸ்டார்ட் ஆகும். ஆனால் 10டபிள்யூ ஒயில் குளிர்ந்த என்ஜினின் மேல் பாகத்துக்குச் சீக்கிரம் ஏறிவிடும், தேய்மானம் அதிகம் நடப்பது அந்த முதல் நொடிகளில்தான். வண்டியோடு வந்த புத்தகம் இரண்டு அளவுகளை அனுமதித்தால், மேல் தோட்டங்களில் இருப்பவர்கள் டபிள்யூவுக்கு முந்திய எண் சிறியதையே எடுக்கலாம். புத்தகம் ஒன்றே ஒன்றைச் சொன்னால் அதுதான்.

இப்போது பாதைக்கு வருவோம். கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏற்றம். முன்னால் மரக்கறி லொறி. இரண்டாம் கியரில் ஊர்ந்தபடி என்ஜின் கதறும், ஆனால் வேகம் இல்லாததால் காற்று படாது. ஒயில் சூடேறுகிறது, ஒவ்வொரு 10 பாகைக்கும் அது ஒட்சியேறும் வேகம் சுமார் இரண்டு மடங்காகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. சூட்டிலும் தடிப்புக் குறையாமல் இருக்க நீளமான பொலிமர் இழைகளைக் கலந்திருப்பார்கள். கியர்ப் பற்கள் அவற்றைக் கத்தரிக்கோல் போல வெட்டுகின்றன. இழை அறுந்தால் 50 என்று ஊற்றியது 40 போல ஆகிவிடும். கியர் மாற்றும்போது காலுக்கே அது தெரியும்: முன்பு வெண்ணெயாய் விழுந்தது இப்போது டக்கென்று இடிக்கும். நல்ல சிந்தெடிக் எண்ணெய்க்கு இந்த இழைகள் குறைவாகவே தேவை. செமி தன் விலையைச் சம்பாதிப்பது இந்த ஏற்றத்தில்தான்.

திரும்பி இறங்கும்போது திரொட்டிலை மூடி, கியரிலேயே வண்டியைப் பிடித்து வருவோம். அப்போது சிலிண்டருக்குள் உறிஞ்சும் இழுப்பு அதிகமாகி, வால்வு சீல்களோ பிஸ்டன் ரிங்குகளோ தேய்ந்திருந்தால் ஒயிலை உள்ளே இழுத்துக்கொள்ளும். இறக்கம் முடிந்து திரொட்டிலைத் திறந்ததும் சைலன்சரில் ஒரு நீலப் புகை. அப்படி வந்தால் ஒயிலின் பெயரை மாற்றிப் பயனில்லை, என்ஜினைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த மூன்று கிலோமீற்றர் பைக்கின் கதை வேறு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உருவாகிறது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும், கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடேறினால் அதுவும் ஆவியாகும். மூன்று கிலோமீற்றரில் எங்கே சூடேறுவது? மூடியில் கண்ட அந்தப் பசை, இந்தத் தண்ணீர் ஒயிலோடு கலந்ததுதான். அப்புறம் நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கீழ்நாட்டுக்கு டியூன் செய்த கார்புரேட்டர் (காற்றோடு பெற்றோலைக் கலந்து விடும் பாகம்) இங்கே தேவைக்கு மேல் பெற்றோலை விடும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும்.

இந்தத் தண்ணீரையும் பெற்றோலையும் எந்தச் செமியாலும் தடுக்க முடியாது. அதனால் இப்படி ஓடுகிறவர்கள் எம்ஏ தரமுள்ள நல்ல சாதா ஒயிலை வாங்கி, கிலோமீற்றரைப் பார்க்காமல் மாதக் கணக்கில், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரமாக மாற்றுவதே புத்திசாலித்தனம் என்பேன். ஹட்டனுக்கும் கினிகத்தேனைக்கும் ஏறி இறங்கித் தொழில் பார்க்கிறவர்கள் தாராளமாகச் செமி போடலாம்.

எதைப் போட்டாலும் அளவு பார்க்கச் சமதரை வேண்டும். நம் வாசல்களில் அதுதான் அரிது. கோயில் முற்றமோ கராஜின் சீமெந்துத் தரையோ நல்லது. நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி, என்ஜினை நிறுத்திச் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். போன மாதத்தைவிட ஒயில் கூடியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். குச்சியை முகர்ந்து பாருங்கள்; பெற்றோல் வாடை அடித்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.